தேர் தாங்கும் மரம்

காவிரி ஒருபுறமும் கொள்ளிடம் மற்றொருபுறமும் சூழ, நடுவே தீவாக விளங்குவது திருவரங்கம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்கு, மரச்செறிவின் மேலே அத்திருநகரின் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தோன்றும். தைத் திங்களில் அந்நகரின் உத்திர வீதியிலும், சித்திரைத் திங்களில் சித்திரை வீதியிலும் தேர்விழா நிகழும். இவற்றுள் சித்திரை விழாவினை விசயநகர அரச மரபினரான விருப்பண்ண உடையார் 1383-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார் என்பர். ஆதலால் அது 'விருப்பன் திருநாள்' என்று இன்றளவும் வழங்குகின்றது. அந்நாளில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து உழவர் பெருமக்கள் திரண்டு வந்து, வடம் பிடித்துத் தேர் இழுப்பர்.

அசையாது நின்ற தேர் அசையத் தொடங்கும் காட்சி உள்ளத்தைக் கவர்வது. வடம் முறுகும், அச்சு ஓலமிடும், கலசம் வானில் மெல்ல ஆடும். வீதியின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்குந்தோறும் தேரின் உடல் முழுவதும் அதிரும். விரைந்து செல்லுங்கால் உருளைகளின் அடியில் முட்டுக்கட்டை இடுவர். உடனே பெருஞ்சுமை முழுவதும் ஓரிடத்தில் மோதி நிற்கும். தேர்முனையில் திரும்பும்பொழுதோ, அதன் கட்டைகள் யாவும் ஒருங்கே முறுக்குண்ணும். இத்துணை அலைப்பையும் ஆண்டுதோறும் தாங்கிக்கொண்டு, தலைமுறை பல கடந்தும் நிலைபெறுவது எதனால்? தேரில் வீற்றிருக்கும் திருமேனியைக் காணாதார் இலர். தேரைத் தாங்கும் மரத்தை நினைப்பவரோ மிகச் சிலரே.

தமிழ்நாட்டில் தேர் செய்வோர் நெடுங்காலமாக முதலிடம் அளித்துவந்த மரம் இலுப்பை. வேங்கையும் தேக்கும் தேர்ப்பணிக்கு உதவும். எனினும், பாரம் தாங்கவும் சிற்பம் செதுக்கவும் ஒருங்கே ஏற்றது இலுப்பையே என்பது தச்சர்களின் துணிபு. அம்மரத்தின் இயல்பினையும், அது தேராகும் வகையினையும், அதனைக் காக்கும் கடமையினையும் இப்பாடத்தில் காண்போம்.

மரத்தின் தோற்றம்

இலுப்பை என்னும் பெயர் பழந்தமிழில் இருப்பை என வழங்கியது. இனிய இருப்பைப் பூவைக் கரடிகள் விரும்பி உண்ணும் செய்தியைச் சங்கச் சான்றோர் பாடியுள்ளனர். வடமொழியார் இதனை மதூகம் என்பர். மது என்பது இனிமை. தரங்கம்பாடியில் மருத்துவராக வாழ்ந்த கோனிக் என்னும் அறிஞர், 18-ஆம் நூற்றாண்டில் இம்மரத்தை ஆராய்ந்து மேலைநாட்டார்க்கு அறிவித்தார். இன்று இதன் அறிவியற் பெயர் 'மதூகா லாங்கிபோலியா' என்பது. நீண்ட இலைகளையுடைய இனிய மரம் என்பது அதன் பொருள். இலுப்பைக்குடி, இலுப்பைப்பட்டு, இலுப்பையூரணி என ஊர்ப்பெயர்கள் பலவற்றிலும் இம்மரம் வாழ்கின்றது. திருச்செங்கோடு முதலிய தலங்களில் இதுவே தலமரம்.

இலுப்பை 50, 60 அடி உயரம் வளரும். அதன் தலை குடைபோல் கவிந்து அடர்ந்த நிழல் தரும். இலைகள் கிளைநுனியில் கொத்தாக நிற்கும். இளவேனிலில் பழைய இலை உதிர்ந்து செம்பு நிறத் தளிர் தோன்றும். அதனோடு வெண்மஞ்சள் நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பூவின் இதழ் தடித்துச் சாறு நிறைந்திருக்கும். இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் அப்பூக்களைச் சிறுவர் பொறுக்கித் தின்பர். 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்னும் பழமொழி இதனால் எழுந்ததே. ஆனி, ஆடித் திங்களில் பழம் முதிரும். அதனுள் இருக்கும் பளபளப்பான விதையைப் பிழிந்தெடுத்த எண்ணெயே பல நூறாண்டுகளாகக் கோயில் விளக்குகளில் எரிந்தது. பிண்ணாக்கோ எண்ணெய் தேய்த்து முழுகுவார்க்கு அரப்பாகப் பயன்பட்டது.

அகக்காழ்

தொல்காப்பியர் தம் நூலின் மரபியலில் நிலைத்திணைகளை இருவகையாகப் பகுத்துள்ளார். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அவர் கூறுவர். காழ் எனினும் வயிரம் எனினும் ஒன்றே. பனையும் மூங்கிலும் வெளியே வலிமையாகவும் உள்ளே மென்மையாகவும் இருத்தலின் புறக்காழ் ஆயின. தேக்கும் வேங்கையும் இலுப்பையும் உள்ளே வலிமை பெற்றிருத்தலின் அகக்காழ் ஆயின. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழர் கண்ட இப்பாகுபாடு, இக்காலத் தாவர நூலார் ஒருவித்திலைத் தாவரங்களையும் இருவித்திலைத் தாவரங்களையும் பிரிக்கும் முறைக்குப் பெரிதும் ஒத்திருத்தல் வியப்புக்கு உரியது. தேரிலும் இவ்விரு வகையும் உண்டு. அடியில் பாரம் சுமப்பது அகக்காழ் மரம். மேலே துணி போர்த்துக் கூம்பாக எழும் விதானத்தைத் தாங்குவது புறக்காழாகிய மூங்கில்.

அகக்காழ் உண்டாகும் வகை அறியத்தக்கது. மரம் ஆண்டுதோறும் வெளிப்புறத்தில் புதிய மரப்பகுதியை வளர்த்துக்கொள்கின்றது. வேர் உறிஞ்சிய நீர் அவ்விளம்பகுதியின் வழியாகவே இலைக்கு ஏறும். அதனை வெளிறு என்பர். அது வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். நாள் செல்லச் செல்ல, உட்பகுதி நீர் ஏற்றும் தொழிலினின்றும் ஓய்வு பெறும். அப்பொழுது அதன் நுண்ணறைகளில் பிசினும் துவர்ப்பொருளும் வேறு பல பொருள்களும் படியும். நிறம் கருகும். பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அணுகா. இதுவே வயிரம். வயிரம் பாய்வதற்குக் காலம் வேண்டும். இளமரத்தில் அதனைத் தேடுதல் வீண். தேருக்கு மரம் தேடும் தச்சர் முதிர்ந்த இலுப்பையையே நாடுவதற்குக் காரணம் இதுதான். வெட்டிய கட்டையிலும் வெளிற்றை நீக்கிச் செந்நிறமான வயிரத்தையே கொள்வர்.

எடையும் வலிமையும்

எல்லா மரங்களிலும் நுண்ணறைகளின் சுவர் ஏறத்தாழ ஒரே செறிவு உடையது. நீரைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. அங்ஙனமாயின், முருங்கை எளிதாகவும் இலுப்பை கனமாகவும் இருப்பது ஏன்? வேறுபாடு சுவரில் இல்லை. சுவர்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் உள்ளது. முருங்கையில் வெற்றிடம் மிகுதி. இலுப்பையில் சுவர் தடித்து வெற்றிடம் சுருங்கியிருக்கும். நன்றாக உலர்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 18 கிலோ எடை இருக்கும். அதே அளவுள்ள இலுப்பை வயிரம் 25 கிலோவுக்கும் மேற்பட்டிருக்கும். அதே அளவு நீரின் எடை 28 கிலோ ஆதலின், இலுப்பைக் கட்டை நீரில் பெரும்பகுதி அமிழ்ந்தே மிதக்கும்.

இச்செறிவினால் மூன்று நன்மைகள் விளைகின்றன. மேலிருந்து அழுத்தும் பாரத்தால் கட்டை நசுங்காது. ஆணியும் ஆப்பும் இட்ட இடம் தளராது. உளி செல்லும் இடமெல்லாம் விளிம்பு கூர்மையாக நிற்கும். ஆதலின் யாளியின் பல்லும், குதிரையின் பிடரி மயிரும், ஆடும் மகளின் காற்சிலம்பும் நுட்பமாக அமையும். நீரிலும் இம்மரம் எளிதில் இற்றுப்போவதில்லை. முற்காலத்தில் படகின் அடிக்கட்டை, வண்டிச் சக்கரம், தூண், உத்தரம் ஆகியவற்றுக்கும் இதனைக் கொண்டனர்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு தொழில் உரியது. தேக்கு எடை குறைந்தது. வளையாது, எளிதில் வெடிக்காது. ஆகவே கதவுக்கும் பேழைக்கும் ஏற்றது. பலா ஒலியை இனிது எழுப்பும். ஆகவே தஞ்சை வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஏற்றது. இலுப்பை சுமை தாங்கும்; ஆகவே தேருக்கு உரியதாயிற்று. மரத்தின் குணம் அறிந்து பணி அளித்தல் தச்சுக்கலையின் முதற்பாடம்.

பொறுமையின் பணி

நல்லதற்கும் குறை உண்டு. இலுப்பையின் குறை, உலரும்பொழுது வெடித்தல். பச்சை மரத்தில் நீர் நிறைந்திருக்கும். வெட்டிய கட்டையை வெயிலில் கிடத்தினால், மேற்பகுதி விரைவில் உலர்ந்து சுருங்கும். உட்பகுதியோ ஈரத்தால் பருத்தே இருக்கும். சுருங்க விரும்பும் மேற்பகுதியைச் சுருங்காத உட்பகுதி தடுக்கும். இப்போராட்டத்தில் கட்டை பிளந்துவிடும். மரம் செறிவு மிக்கதாக இருக்குந்தோறும் உள்ளீரம் வெளியேறுதல் அரிது. ஆகவே வெடிப்பும் மிகும்.

இதனை வெல்லப் பொறுமை ஒன்றே வழி. கட்டைகளை நிழலில் அடுக்கி, இடையிடையே சிறு குச்சிகளை வைத்துக் காற்று புகவிடுவர். கட்டையின் இரு முனைகளின் வழியாகவே ஈரம் மிக விரைவாக வெளியேறும் என்பதனை அறிந்து, முனைகளில் சாணமோ களிமண்ணோ மெழுகோ பூசுவர். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது மரவேலையில் பரவலாக வழங்கும் கணக்கு. ஆறு அங்குலக் கனமுள்ள கட்டை உலர ஆறாண்டு காத்திருக்க வேண்டும். விழா நெருங்கிவிட்டது என்று விரைந்து பச்சைக் கட்டையைப் பொருத்தினால், பொருத்திய நாளில் இறுக்கமாக இருந்த மூட்டு, மறு கோடையில் தளர்ந்து இளிக்கும். விரைவு தேர்ப்பணிக்குப் பகை.

தேர் எழும் முறை

உலர்ந்த மரம் தபதியின் கைக்கு வரும். ரம்பத்தால் அறுத்து, வாய்ச்சியால் செதுக்கி, இழைப்புளியால் இழைத்து, மூலமட்டத்தால் சதுரம் பார்ப்பர். சிற்பி பலகையின் மேல் உருவம் வரைந்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்குவார். சதுர வடிவத் தேரை நாகரம் என்றும், பல பட்டை உடையதைத் திராவிடம் என்றும், வட்ட வடிவினதை வேசரம் என்றும் கூறுவர்.

தேரின் உடல் கீழிருந்து மேலாகப் படிப்படியாக விரிந்து செல்லும். ஒவ்வொரு படியையும் பார் என்பர். உருளைகளும் அச்சும் அடியில் இருக்க, அவற்றின் மேல் அடிப்பார் அமையும். நடுப்பாரும் மேற்பாரும் அதன்மேல் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே திருமேனி எழுந்தருளும் ஆசனம் இருக்கும். கட்டையோடு கட்டையைச் சேர்க்க ஆணியை மட்டும் நம்புதல் இல்லை. ஒன்றில் நாக்குப்போல் நீட்டி, மற்றொன்றில் அதற்கு ஏற்பத் துளைத்து, ஒன்றினுள் ஒன்றைச் செலுத்தி ஆப்பு இறுக்குவர். வேண்டிய இடத்தில் இரும்புப் பட்டையும் இடுவர். இவ்வாறு பொருத்திய தேர் சிறிதே அசைந்து கொடுக்கும். அவ்வசைவே அதனைக் காப்பது. அசையாது விறைத்து நிற்கும் உடல், வீதியின் அதிர்ச்சியில் முறிந்துவிடும்.

இக்கலை இன்றும் உயிர்ப்போடு விளங்குகின்றது. முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்து, இப்பொழுது பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள அரும்பாவூர், பச்சைமலையை அடுத்த ஊர். அங்குள்ள சிற்பியர் தேரும் வாகனமும் தெய்வத் திருவுருவமும் செய்வதில் வல்லவர். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

மரமும் எஃகும்

முற்காலத்தில் உருளைகளும் மரத்தாலேயே அமைந்தன. பருத்த பலகைகளை ஒட்டிச் சேர்த்து, வட்டமாக அறுத்து, இரும்புப் பட்டை பூட்டுவர். மழையிலும் வெயிலிலும் கிடந்த அவ்வுருளைகள் பிளத்தலும், அச்சு முறிதலும் உண்டு. புறப்பட்ட தேர் நிலைக்கு வந்துசேரப் பல நாள் ஆன ஊர்களும் உண்டு. இத்துயரைத் தீர்த்ததில் திருச்சிராப்பள்ளிக்குத் தனிச் சிறப்பு இருக்கின்றது. திருவெறும்பூரில் 1965-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய பாரத மிகுமின் தொழிற்சாலை, கொதிகலன் செய்வதற்கென அமைந்தது. அத்தொழிற்சாலையே பல கோயில் தேர்களுக்கு எஃகினால் உருளையும் அச்சும் செய்து தந்தது. ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடைய திருவாரூர் ஆழித்தேரும், இங்கிருந்து சென்ற எஃகு உருளைகளாலும் நீர்ம அழுத்தத் தடைகளாலும் இன்று இனிது ஓடுகின்றது.

ஆயினும் உருளைக்கு மேலே மரமே ஆட்சி செலுத்துகின்றது. எஃகு சுமையை உருட்டும். அதிர்ச்சியை விழுங்கிக்கொண்டு, கலையையும் தாங்கி நிற்பது மரமே. அம்மரத்துக்குத் தீயும் மழையும் கரையானும் பகை. பழைய ஆழித்தேர் 1926-ஆம் ஆண்டில் தீக்கிரையான செய்தி ஓர் எச்சரிக்கை. தலைமுறை பல உழைத்த உழைப்பு ஒரே நாளில் சாம்பலாகலாம். ஆதலின் விழா முடிந்ததும் தேரைக் கூரையிட்டுக் காத்தலும், எண்ணெய் பூசுதலும், கரையான் பற்றாது நோக்குதலும் இன்றியமையாதன.

நட்டவர் யார்? நடுபவர் யார்?

தேரைச் செய்ய வல்ல கைகள் இருக்கின்றன. உருட்ட எஃகு இருக்கின்றது. குறைந்துவருவது இலுப்பையே. முன்னாளில் கோயில் நிலங்களிலும் சாலை ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இலுப்பைத் தோப்புகள் செழித்திருந்தன. விளக்கெரிக்க எண்ணெய் வேண்டியிருந்தமையால், மக்கள் அவற்றைப் பேணினர். மண்ணெண்ணெயும் மின்விளக்கும் வந்தபின் இலுப்பை எண்ணெயை நாடுவோர் குறைந்தனர். பயன் மறந்தவுடன் பாதுகாப்பும் மறைந்தது. நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தியபொழுது பழைய சாலை மரங்கள் பல வீழ்ந்தன. வெட்டியவர் பலர், நட்டவர் சிலர்.

வெட்டிய இடத்தில் தானே முளைத்துக்கொள்ளும் என்று இருத்தலும் இயலாது. இலுப்பை விதையின் முளைக்கும் ஆற்றல் சில வாரங்களில் அழிந்துவிடும். பழம் உதிர்ந்தவுடன் விதைத்தல் வேண்டும். இயற்கையில் இப்பணியைச் செய்வது வௌவால். இரவில் பூவின் சாறு நாடி வரும் வௌவால்கள் மகரந்தத்தைப் பரப்புகின்றன. பின்னர்ப் பழத்தைக் கவர்ந்து சென்று, சதையை உண்டு, விதையை வேற்றிடத்தில் போடுகின்றன. வௌவால் தங்கும் முதுமரங்களை அழித்தால், இலுப்பையின் வழித்தோன்றலையும் அழித்தவராவோம்.

இலுப்பை விரைந்து வளரும் மரம் அன்று. பூத்துக் காய்க்கவே ஏறத்தாழ 10 ஆண்டு வேண்டும். தேருக்கு உரிய வயிரம் பாய அதனினும் பன்மடங்கு காலம் வேண்டும். இன்று 13 வயதுடைய மாணவன் ஒரு கன்றை நடுவானாயின், அவன் இளைஞனாகும்பொழுது அது பூவும் பழமும் தரும். அவன் தந்தையாகும்பொழுது நிழலும் எண்ணெயும் தரும். அவன் 70 வயது நிரம்பிப் பேரன் கைப்பற்றித் தேர்விழாவுக்குச் செல்லும் காலத்திலேதான், அம்மரத்தின் அகத்தே போதிய வயிரம் நிறைந்திருக்கும். அன்றும் அதனை வெட்டாது விட்டால், வௌவாலுக்கும் பறவைக்கும் விருந்தளித்து நெடுங்காலம் நிற்கும். மிக முதிர்ந்தபின்னரே கோடரி அதனைத் தொடுதல் வேண்டும். ஒன்றை வெட்டுமுன் பத்தை நடுதல் வேண்டும்.

இன்று வீதியில் உலாவரும் பழந்தேர்களின் கட்டைகள், யாரோ நட்ட மரங்கள். நட்டவர் அவை தேராகி ஓடியதைக் கண்டிரார். அவர்தம் பெயரும் கல்வெட்டில் இல்லை. எனினும் அவர் நட்டனர். அதனால் இன்று ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். தேரை இழுத்தல் ஒருநாள் தொண்டு. தேருக்கு மரம் நடுதல் மூன்று தலைமுறைத் தொண்டு. ஆடித் திங்களில் இலுப்பை மரத்தடியில் விதைகள் உதிர்ந்து கிடக்கும். அவற்றுள் ஒன்றை அன்றே எடுத்து மண்ணில் ஊன்றி நீர் வார்ப்பவர், என்றோ ஓடப்போகும் ஒரு தேரின் வடத்தை இன்றே பிடித்தவராவர்.